தன்பாலீர்ப்புள்ள வாக்காளர் வேட்பாளரை எடைபோடுவது எப்படி: நெல்லைச் சீமைக்கான வழிகாட்டி

திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் தேர்தல் மேடை ஏறும் வேட்பாளர் தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றித் தாமாகப் பேசுவது அரிது. குடிநீர், தாமிரபரணியில் கலக்கும் சாக்கடை, பீடி சுற்றும் பெண்களின் கூலி, கல்குவாரி லாரிகள், இவற்றுக்கெல்லாம் அடியில் ஓடும் சாதிக் கணக்கு ஆகியவற்றோடு பேச்சு முடிந்துவிடும். ஆகவே தன்பாலீர்ப்புள்ள ஓர் ஆணோ பெண்ணோ, தம் வாழ்க்கையைத் தொடும் கேள்விகளில் ஒரு வேட்பாளர் எங்கே நிற்கிறார் என்று அறிய விரும்பினால், அவர் சொன்னதைத் தேடுவதில் பெரும்பாலும் பயனிருக்காது. அவர் இதுவரை செய்தவற்றையும், அவர் கேட்கும் பதவி எதைச் செய்ய வல்லது என்பதையும் வைத்தே முடிவுக்கு வர வேண்டும். தம்மை வெளிக்காட்டிக்கொள்ளாமலே இதைச் செய்ய முடியும். வீட்டாருக்குத் தெரியாமல் வாழ்பவர்களை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது.

இதில் இவ்வளவு உழைக்க வேண்டுமா என்று கேட்பவர்கள், நீதிமன்றம் பந்தை எங்கே தள்ளியிருக்கிறது என்று பார்க்கட்டும். வயதுவந்தோர் மனமொப்பி வைத்துக்கொள்ளும் தன்பால் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், அத்தகைய உறவைக் குற்றமாக்கிய பழைய 377ஆம் பிரிவே இல்லை. ஆனால் 2023 அக்டோபர் 17 அன்று, திருமண உரிமை கோரிய வழக்கில், தன்பால் திருமணத்தை ஏற்கும் சட்டம் இயற்றுவது நாடாளுமன்றம், சட்டமன்றங்கள் ஆகியவற்றின் வேலை என்று ஐந்து நீதிபதிகளும் கைவிரித்தனர். திருமணம் அல்லாத இணைவு உரிமையையாவது ஏற்கலாம் என்று இருவர் சொல்ல, மூவர் அதையும் மறுத்தனர். மறுஆய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகிவிட்டன. இனி அடுத்த அடி சட்டமியற்றும் அவைகளில்தான் வைக்கப்பட வேண்டும், அங்கே போகிறவர்களைத் தேர்ந்தெடுப்பது நாம்தான். நாம் எண்ணிக்கையில் சொற்பம் என்று சோர்வடைவோர், 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியின் முடிவு 49 வாக்கு வேறுபாட்டில் அறிவிக்கப்பட்டதையும், அது நீதிமன்றம் வரை இழுபட்டதையும் நினைத்துக்கொள்ளலாம்.

எந்தப் பதவி, எவ்வளவு அதிகாரம்

வேட்பாளரை எடைபோடுவதற்கு முன் பதவியை எடைபோடுங்கள். பாளையங்கோட்டை மாமன்ற உறுப்பினர் பதவிக்கு நிற்பவரிடம் திருமணச் சட்டத்தைப் பற்றிக் கேட்பதும், நாடாளுமன்ற வேட்பாளரிடம் ரேஷன் கடைப் பிரச்சினையைக் கேட்பதும் இருவருக்கும் தப்பிக்க வழி திறந்துவிடும்.

காவல் துறையும் பொதுச் சுகாதாரமும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. எனவே வீட்டை விட்டு வந்த இரு பெண்களைக் காவல் நிலையம் எப்படி நடத்துகிறது, அரசு மருத்துவமனையில் துணைவரை யார் என்று பதிவுசெய்கிறார்கள் என்பவையெல்லாம் சட்டமன்ற உறுப்பினரின் எல்லைக்குள் வருகின்றன. திருமணம், தத்து, வாரிசுரிமை ஆகியவை பொதுப் பட்டியலின் 5ஆம் பதிவில் உள்ளன. அதாவது நாடாளுமன்றமும் மாநிலச் சட்டமன்றமும் அவற்றில் சட்டம் இயற்றலாம். "அதெல்லாம் டெல்லி சமாச்சாரம், நம்ம கையில இல்ல" என்பதே இந்தப் பக்கத்து வேட்பாளரிடமிருந்து வரக்கூடிய எளிதான பதில். அதை ஏற்க வேண்டியதில்லை. 1967-இல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்துச் சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லுபடியாக்கியது தமிழ்நாட்டுச் சட்டமன்றம். 1989-இல் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை கொடுத்ததும் அதே சட்டமன்றம். மத்திய சட்டத்தோடு முரண்படும் இடத்தில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவை என்பது உண்மைதான். ஆனால் ஒப்புதல் தேவை என்பதற்கும் முடியாது என்பதற்கும் இடையில் நிறைய தூரம் இருக்கிறது.

குடும்ப அட்டை இன்னும் நல்ல அளவுகோல். தன்பால் துணைவர்களை ஒரே குடும்பத்தினராகக் கருதிக் குடும்ப அட்டை வழங்குமாறு மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்கு எழுதியதையும், துணைவர்கள் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் ஒருவரை ஒருவர் நாமினியாக நியமிக்கவும் தடையில்லை என்று மத்திய நிதித் துறை தெளிவுபடுத்தியதையும் மத்திய அரசு 2024 செப்டம்பரில் அறிவித்தது. நெருங்கிய உறவினர் இல்லாதபோது துணைவர் உடலைப் பெற்றுக்கொள்ளலாம் என்று சுகாதாரத் துறையும் மாநிலங்களுக்கு எழுதியது. இவற்றுக்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. வட்ட வழங்கல் அலுவலகமும் வங்கிக் கிளையும் மருத்துவமனைக் கண்காணிப்பாளரும் சொன்னபடி நடந்தால் போதும். அம்பாசமுத்திரத்திலோ சங்கரன்கோவிலிலோ ஒரு மனு நிராகரிக்கப்பட்டால் வட்டாட்சியரிடம் எழுதிக் கேட்பாரா என்று வேட்பாளரைக் கேட்டுப் பாருங்கள். கொள்கை பேசுகிறவர்களையும் வேலை செய்கிறவர்களையும் இந்தக் கேள்வி பிரித்துவிடும்.

உள்ளாட்சிப் பதவிகளுக்குச் சட்ட அதிகாரம் குறைவு என்றாலும், வாடகை வீட்டிலிருந்து இருவரைத் துரத்தும்போது தெருவில் முதலில் கூப்பிடப்படுபவர் வார்டு உறுப்பினர்தான் என்பதை மறக்க வேண்டாம்.

கட்சி எழுதியதும் கட்சி செய்ததும்

நம் நாட்டில் வேட்பாளரின் தனிப்பட்ட நல்லெண்ணத்துக்கு ஒரு வேலி உண்டு. 1985-இல் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணையின்படி, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்க நேரிடும். ஆகையால் மசோதா ஒன்று வாக்கெடுப்புக்கு வரும் நாளில் உங்கள் உறுப்பினரின் மனத்தைவிடக் கட்சித் தலைமையின் முடிவே கணக்கில் வரும். வாக்கெடுப்பு வரையிலான வழியில், அதாவது கேள்வி எழுப்புவது, குழுவில் பேசுவது, தனிநபர் மசோதா கொண்டுவருவது, அதிகாரியை அழைத்துக் கேட்பது ஆகியவற்றில் மட்டும் அவருடைய மனத்துக்கு இடமுண்டு.

கட்சியின் நிலையை அறியத் தேர்தல் அறிக்கையைப் படிக்க வேண்டும், ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. 2024 மக்களவைத் தேர்தல் அறிக்கையில், விரிவான கலந்தாய்வுக்குப் பின் பால்புதுமையினர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோர்) இணைவுகளை ஏற்கும் சட்டம் கொண்டுவருவதாகக் காங்கிரஸ் எழுதியது. அதற்கு ஓராண்டு முன்னர், 2023-இல், உச்ச நீதிமன்ற வழக்கில் மாநிலங்களின் கருத்து கேட்கப்பட்டபோது தன்பால் திருமணத்தை எதிர்த்த மூன்று மாநிலங்களில், அன்று காங்கிரஸ் ஆண்ட ராஜஸ்தானும் ஒன்று. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி தன்பால் இணைகளுக்குச் சட்ட அங்கீகாரம் என்பதைத் தன் அறிக்கைகளில் எழுதிவருகிறது. அக்கட்சி போட்டியிடும் இடங்கள் எத்தனை, கூட்டணியில் அதன் குரல் எவ்வளவு தூரம் எட்டும் என்பதையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். பாரதிய ஜனதா கட்சியின் 2024 அறிக்கை திருநருக்கான, அதாவது திருநங்கையர், திருநம்பியருக்கான, காப்பகங்களையும் மருத்துவக் காப்பீட்டையும் பேசியது. அக்கட்சி தலைமையிலான மத்திய அரசு தன்பால் திருமணத்தை நீதிமன்றத்தில் எதிர்த்தது. மேலே சொன்ன குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு அறிவிப்புகளை வெளியிட்டதும் அதே அரசுதான். மாநிலக் கட்சிகளின் அறிக்கைகளையும் இதே வகையில், எழுத்தும் நடத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் படியுங்கள்.

அவைக் குறிப்புகளும் உதவும். 377ஆம் பிரிவைத் திருத்தும் தனிநபர் மசோதாவைச் சசி தரூர் 2015 டிசம்பரில் மக்களவையில் கொண்டுவர முயன்றபோது, அறிமுக நிலையிலேயே 71-க்கு 24 என்று அது தோற்றது. 2016 மார்ச்சில் மீண்டும் முயன்றபோது 58-க்கு 14. 543 பேரை மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் அவையில் மற்றவர்கள் எங்கே போனார்கள் என்பதே அந்த எண்களில் கவனிக்க வேண்டியது. எதிர்த்து வாக்களித்தவரைவிட, அன்று அவையில் இல்லாமலிருந்துவிட்டு நம்மிடம் இனிக்கப் பேசுகிறவரைக் கண்டறிவது கடினம்.

தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு குழப்பத்தையும் இங்கே பிரித்துக்கொள்ள வேண்டும். நம்மைப் பற்றிக் கேட்டால், ஏறத்தாழ எல்லாக் கட்சி வேட்பாளர்களும் திருநங்கையரைப் பற்றிப் பதில் சொல்வார்கள். 2008-இல் நலவாரியம் அமைத்தது, திருநரின் பாலின அடையாளத்தை ஏற்று 2014-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2015-இல் திருநர் உரிமைக்கான திருச்சி சிவாவின் தனிநபர் மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது, 2025-இல் மாநில அரசு வெளியிட்ட திருநர் கொள்கை என்று பட்டியல் நீளும். அவை மதிக்கத்தக்க செயல்கள். திருநர் உரிமைகளில் அக்கறை காட்டுபவர் நம் பக்கமும் வரக்கூடியவர் என்பது நியாயமான ஊகமும்கூட. ஆயினும் அப்பட்டியலால் ஒரு தன்பாலீர்ப்புள்ள பெண்ணின் வாடகை வீடோ குடும்ப அட்டையோ உறுதியாகிவிடாது. கேட்டது ஒன்று, பதில் இன்னொன்று என்றால், பணிவாகக் கேள்வியைத் திரும்பக் கேளுங்கள்.

காவல் நிலைய வாசலில் அவர் யார் பக்கம்

என் கணிப்பில், இந்தச் சீமையில் ஒரு வேட்பாளரை அளக்க இதைவிட நம்பகமான இடம் இல்லை. பிள்ளை ஒன்று பெற்றோருக்குப் பிடிக்காத துணையோடு போய்விட்டால் "காணவில்லை" என்றோ கடத்தல் என்றோ புகார் எழுதப்படுகிறது. பின்னாலேயே ஊர்ப் பெரியவர்களும் சாதிச் சங்கத்தாரும் கட்சியின் ஒன்றியச் செயலாளரும் நிலையத்துக்கு வந்துவிடுகிறார்கள். "சமாதானம் பேசி" வீட்டாரோடு அனுப்பிவைப்பதே நல்லது என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். சாதி மாறிக் காதலித்த ஆணுக்கும் பெண்ணுக்கும் நடப்பதுதான் இரு பெண்களுக்கும் நடக்கிறது, வெட்கம் என்ற சுமை கூடுதலாகச் சேர்ந்துகொள்கிறது, அவ்வளவே.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய உத்தரவு, காணாமல்போனதாகப் புகார் வந்து, சம்பந்தப்பட்டவர்கள் மனமொப்பிச் சேர்ந்திருக்கும் வயதுவந்தோர் என்று தெரிந்தால், வாக்குமூலம் பெற்றுத் துன்புறுத்தாமல் புகாரை முடிக்க வேண்டும் என்கிறது. பாலீர்ப்பை "மாற்றும்" சிகிச்சைகளுக்கும் அந்த உத்தரவு தடை விதித்தது. 2022-இல் காவலர் நடத்தை விதிகளிலேயே, பால்புதுமையினரைத் துன்புறுத்தக் கூடாது என்ற விதியைத் தமிழ்நாடு அரசு சேர்த்தது. 2025 மே மாதம், வீட்டாரால் அடைத்துவைக்கப்பட்ட 25 வயதுப் பெண்ணை விடுவித்த உயர் நீதிமன்ற அமர்வு, திருமணம் மட்டுமே குடும்பத்துக்கு அடிப்படையல்ல, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றது. வயதுவந்த இருவரின் சேர்க்கையில் ஊர்க்கூட்டம் தலையிடுவது சட்டவிரோதம் என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதும் இதோடு சேர்த்துப் படிக்கத் தக்கது.

இத்தனை இருந்தும் நிலைய வாசலில் நிற்கும் அரசியல்வாதியின் ஒரு கைபேசி அழைப்பு அவற்றைச் செல்லாக்காசாக்கிவிட முடியும். எனவே உங்கள் வேட்பாளர் அங்கே என்ன செய்பவர் என்று விசாரியுங்கள். இதைக் கேட்பதற்கு நீங்கள் யார் என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை: சாதி மறுப்புத் திருமணம் செய்தவர்கள், அவர்களுக்காக ஓடும் வழக்கறிஞர்கள், மாதர் சங்கத்தார், நீதிமன்ற வளாகத் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர்கள் ஆகியோருக்கு ஒவ்வொரு வட்டாரப் பிரமுகரின் வரலாறும் தெரியும். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் இளம் மென்பொருள் பணியாளர் ஒருவர் சாதியை மீறிய காதலுக்காகப் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டபோது, உங்கள் வேட்பாளர் கட்சி அலுவலகத்தில் என்ன சொன்னார், தம் சாதியார் கூட்டத்தில் என்ன சொன்னார் என்று ஒப்பிடுங்கள். அவ்வாண்டு அக்டோபரில், இத்தகைய கொலைகளைத் தடுக்கத் தனிச்சட்டம் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அத்தகைய சட்டம் வந்தால் அதில் தன்பால் இணைகளும் சேர்க்கப்பட வேண்டுமா என்பதே சட்டமன்ற வேட்பாளரிடம் கேட்கத் தக்க கேள்விகளில் தலையானது.

இதே நோக்கில் வேறு சில தடயங்களும் உள்ளன. 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் சாதி வெறியால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பின், நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை மாணவர்கள் கையில் கட்டும் சாதிக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. அதைக் கோபத்தோடு எதிர்த்தவர், நடையிலும் குரலிலும் மென்மையான ஒரு மாணவன் வகுப்பில் படும் பாட்டைக் கேட்கப் பொறுமை உள்ளவராக இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. வாகையடி முனைக் கூட்டங்களில் வேட்பாளரைவிட அவருக்கு முன் பேசுகிறவர்களைக் கவனியுங்கள். எதிரணித் தலைவரை "ஆம்பளையா இருந்தா" என்று சீண்டுவதும், பெண்மை கலந்த அசைவு காட்டிக் கேலி செய்வதும் அவர்கள் வாயில்தான் வரும். அப்போது மேடையில் உட்கார்ந்திருக்கும் வேட்பாளர் சிரிக்கிறாரா, சும்மா இருக்கிறாரா என்பது நமக்கு வேண்டிய செய்தி.

வேட்பாளர் மீதுள்ள வழக்குகளையும் அவருடைய சொத்துகளையும் சொல்லி வேட்புமனுவோடு இணைக்கப்படும் படிவம் 26 என்ற உறுதிமொழிப் பத்திரத்தைத் தேர்தல் ஆணையத்தின் தளத்திலும், வேட்பாளரை அறியும் செயலியிலும் எவரும் படிக்கலாம். ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கத்தின் மைநேதா தளம் அதைச் சுருக்கித் தருகிறது. வழக்குகளின் எண்ணிக்கையைப் பார்த்து மலைக்காதீர்கள். சாலை மறியல் வழக்கு இல்லாத அரசியல்வாதி இங்கே குறைவு. மிரட்டல், சட்டவிரோத அடைப்பு, பெண்களுக்கு எதிரான குற்றம் என்ற வகைப் பிரிவுகள் இருக்கின்றனவா என்று மட்டும் தேடுங்கள்.

கேட்கும் விதம்

"எங்களை ஆதரிக்கிறீர்களா?" என்று கேட்டால் "எல்லோரும் சமம்தான்" என்ற பதில் வரும். அந்தப் பதிலுக்கு மதிப்பெண் இல்லை. செயலைக் கேளுங்கள்: வயதுவந்த இரு பெண்கள் உங்கள் தொகுதிக் காவல் நிலையத்தில் தஞ்சம் கேட்டால் 2021 உத்தரவின்படி நடக்கச் சொல்வீர்களா, அரசு மருத்துவமனையில் துணைவரின் கையொப்பத்தை ஏற்கும் அரசாணைக்காகச் சட்டமன்றத்தில் கேள்வி எழுப்புவீர்களா, பாலீர்ப்பை மாற்றுவதாக விளம்பரம் செய்யும் மருத்துவரைப் பற்றி, அது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்திருப்பதைச் சுட்டி, புகார் அனுப்புவீர்களா? ஒரு நேரத்தில் ஒரு கேள்வி போதும். அதுவும் ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடியதாக இருக்கட்டும்.

தனியாகப் போய்க் கேட்க வேண்டாம். வீட்டுக்கு வாக்குக் கேட்டு வரும்போது, அப்பாவும் சித்தப்பாவும் நிற்கும் வாசலில் கேட்கவே வேண்டாம். வழக்கறிஞர், தொழிற்சங்கம், மாதர் அமைப்பு அல்லது சென்னை, மதுரையில் வெளிப்படையாக இயங்கும் பால்புதுமையினர் குழு ஒன்றின் பெயரில், எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரே கடிதத்தை ஒப்புகைச் சீட்டோடு, பதிவு வசதியுள்ள விரைவுத் தபாலில் அனுப்புவதே பாதுகாப்பான வழி. ஊர் வாட்ஸ்அப் குழுவில் இந்தப் பேச்சைத் தொடங்குவது, நோக்கம் எவ்வளவு நல்லதானாலும், பிறரையும் காட்டிக்கொடுத்துவிடக்கூடும். எதிரணி வேட்பாளர் ஒருவர் தன்பாலீர்ப்பாளர் என்று வதந்தி வந்தால், அது நமக்குச் சாதகமான கட்சிக்கு உதவினாலும், அனுப்பாதீர்கள். வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தையைப் பற்றி அறிந்தே பொய் பரப்புவதை 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் முறைகேடு என்கிறது. ஊர்விலக்கம், சாதிவிலக்கம் என்று வாக்காளரை மிரட்டுவதையும் அதே சட்டத்தின் 123ஆம் பிரிவு முறைகேடாகக் குறிப்பிடுகிறது. இதை நம் ஊர்களில் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வரும் பதில்களைத் தரம்பிரிப்பதில் ஓர் எச்சரிக்கை. "எனக்கு இதில் உடன்பாடில்லை, ஆனால் நீதிமன்ற உத்தரவைக் காவல்துறை மீற விடமாட்டேன்" என்று சொல்லி அதன்படி நடக்கும் பழமைவாதி, ஓடிவந்த இருவருக்கு, பெருமை ஊர்வலப் படத்தைப் பகிர்ந்துவிட்டு நிலையத்துக்கு அழைத்தால் போனை எடுக்காத முற்போக்காளரைவிட மேலானவர். "படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்பதும் மோசமான பதிலல்ல, ஒரு வாரத்தில் திரும்பக் கேட்டுப் பாருங்கள்.

இந்த ஒரு கேள்வியை மட்டும் வைத்து வாக்களியுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். தன்பாலீர்ப்புள்ள ஒருவர் மேலப்பாளையத்துப் பீடித் தொழிலாளியாகவோ, நாங்குநேரி வட்டாரத்துத் தலித் மாணவியாகவோ, கடைமடைத் தண்ணீருக்குக் காத்திருக்கும் விவசாயியாகவோ இருக்கலாம். அவர்களுக்கு உயிரச்சம் வேறு திசையிலிருந்தும் வரும். ஒரே தகவலைக் கையில் வைத்துக்கொண்டு இரு பெண்கள் இரு சின்னங்களுக்கு வாக்களித்தால் அதில் பிழையில்லை.

பட்டியலும் சாவடியும்

வீட்டோடு தொடர்பற்றுச் சென்னையிலோ கோவையிலோ வாழ்பவர்கள் தம் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் படிவங்கள் பதிவான வீட்டு முகவரிக்கே சென்றன, வீட்டார் அதைப் பூர்த்திசெய்து கொடுத்தார்களா என்பது உங்களுக்குத் தெரியாமலே போயிருக்கலாம். பெயர் இல்லையென்றால் படிவம் 6, இடம் மாற்ற வேண்டுமென்றால் படிவம் 8. இரண்டிலும் பாலீர்ப்பைப் பற்றி எந்தக் கேள்வியும் கிடையாது.

குடும்பமே ஒரு சின்னத்துக்கு என்று முடிவாகியிருந்தாலும் பொத்தானை அழுத்துவது நீங்கள் மட்டும்தான். நீங்கள் அழுத்திய சின்னத்தைக் காட்டும் தாள் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் ஏழு நொடி தெரிந்து பெட்டிக்குள் விழுந்துவிடும். வாக்களிக்கும் இடத்துக்குக் கைபேசி அனுமதியில்லை என்பதால், படமெடுத்துக் காட்டு என்று கேட்பவரிடம் முடியாது என்று சொல்லக் காரணம் தேட வேண்டியதில்லை. நோட்டா 2013 முதல் இருக்கிறது. ஆனால் அது அதிக வாக்கு பெற்றாலும் அடுத்து வரும் வேட்பாளரே வென்றவராவார் என்பதை அறிந்து பயன்படுத்துங்கள்.

முடிவு வந்த பின், வென்றவருக்கு அதே கடிதத்தை மறுபடி அனுப்புங்கள். முன்பு பதில் சொன்னாரா, என்ன சொன்னார் என்பதைத் தேதியோடு அதில் எழுதி, ஒப்புகைச் சீட்டுகளையும் நகல்களையும் உங்கள் வீட்டில் வைக்காமல் வழக்கறிஞரிடம் கொடுத்துவைப்பது நல்லது.